தோளும் தோலும்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாத்தியார் ஒரு பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் விறைப்பாக நின்றார். எதிரே மாப்பிள்ளை, கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றார். இருவருக்கும் நடுவில், போனைக் கையில் பிடித்தபடி மகள் நின்றாள்.

மாமனாரும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தி அன்றோடு ஆறு நாள்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். முப்பத்தோரு வருஷத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய முதல் செட் மாணவர்கள் எல்லோருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அந்த நரைத்த தலைகள் ஒன்றுகூடி, இன்னும் ஆறு வாரத்தில் நானூறு கிலோமீட்டர் பைக்கிலேயே போய் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவெடுத்திருந்தன. எல்லோருக்கும் முன்னால் போகப்போவது யார்? வேறு யார், வாத்தியார்தான்.

அதற்காகத்தான் லெதர் ஜாக்கெட். சண்டையும் அதனால்தான்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை, நல்ல எண்ணத்தோடுதான், "மாமா, உங்க வயசுக்கு நீங்க லக்கேஜ் வேன்ல பின்னாடி வந்தா என்ன?" என்று கேட்டுவிட்டார். வேன் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாத்தியார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். வேன் ஓட்டுவது வேறு. வேனில் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து வருவது வேறு. அது மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அவரோ வாத்தியாரின் ஸ்கூலிலேயே படித்து, பைக் டெஸ்டில் மூன்று முறை காலை ஊன்றியவர். அவருக்கு எப்படிப் புரியும்?

மாடியில் மகளும் மாப்பிள்ளையும், கீழே மாமனாரும் மாமியாரும். ஒரே வாசல், ஒரே சமையலறை. பேசாமல் இருப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஆறு நாளும் மகள் வழியாகத்தான் எல்லாப் பேச்சும் போய் வந்தது.

அவளுக்கு இதெல்லாம் பழக்கம். லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தினால் ஒலிப்பது அவள் குரல்தான். 'பதற்றப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க' என்று சொல்லிச் சொல்லியே குரல் தேன் மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தபடியே வேலை.

"அப்பா, தையற்காரம்மா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அளவு வேணும்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில தோலை வெட்டிடுவாங்களாம். எனக்கு எந்த நேரமும் போன் வரும். அம்மா பிரஸ்லேர்ந்து வர அஞ்சு மணி ஆகும். இவரைத் தவிர வேற ஆள் இல்ல."

"நானே எடுத்துக்குவேன்."

"தாள்ல என்ன போட்டிருக்கு, பாருங்க."

தையற்காரம்மாள் இருப்பது மூன்று மணி நேரப் பயணத்தில் வேறோர் ஊரில். அவர் அனுப்பியிருந்த அளவுத்தாளில் ஒன்பது வரிகள். அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: 'உங்கள் அளவை நீங்களே எடுக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்தாலே அளவு மாறிவிடும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்தால், ஜாக்கெட் போடும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. பிரித்துத் தைக்க வழி இல்லை.'

வாத்தியார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சரி, ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

மாப்பிள்ளை ஆரம்பித்தார். அவர் வேலை பார்ப்பது பல் செய்யும் லேபில். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்கிறவர். டேப்பை வாத்தியாரின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை அரை அடி தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாப்பா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. டேப் சில்லுனு இருக்கு."

"என்னங்க, டேப் சில்லுனு இருக்காம்."

"துணி டேப் எப்படிச் சில்லுனு இருக்கும்னு மாமாகிட்ட கேளு."

"அப்பா, துணி டேப்..."

"எனக்குக் காது கேக்குது."

"நானூத்திப் பன்னெண்டு" என்றார் மாப்பிள்ளை.

"என்னது நானூத்திப் பன்னெண்டு?"

"மில்லிமீட்டராம்பா."

"கழுத்தா அது, காம்பவுண்டுச் சுவரா? இஞ்ச்ல சொல்லச் சொல்லு!"

"இஞ்ச்ல சொன்னா அரை, கால்னு குத்துமதிப்பா வரும்னு சொல்லும்மா. குத்துமதிப்புல எனக்கு வேலை தெரியாது."

அடுத்தது மார்பு. கையைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவர முடியும்.

"கையைத் தூக்கச் சொல்லு."

"நான் என்ன போலீஸ்ல மாட்டினவனா, கையைத் தூக்கிக்கிட்டு நிக்க? இந்த இடைவெளி போதும்" என்றார் வாத்தியார். மாப்பிள்ளை அந்த இடைவெளியில் டேப்பை நுழைத்து எடுத்தார்.

பிறகு வயிறு வந்தது.

டேப் பக்கத்தில் வருவதற்கு முன்பே வாத்தியாரின் தொப்பை காணாமல் போயிற்று. மார்பு புடைத்தது. முகம் சிவந்தது. கண் மட்டும் நேராகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது.

"தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு" என்றார் மாப்பிள்ளை. ஆனால் எழுதவில்லை. அப்படியே நின்றார்.

ஐந்து விநாடி. பத்து விநாடி. வாத்தியாரின் முகம் சிவப்பிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு மாறத் தொடங்கியது.

"அப்பா, மூச்சு விடுங்க."

வாத்தியார் விடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதுபோல.

மாப்பிள்ளை யோசித்தார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில், "ஒரு சந்தேகம், மாமாகிட்ட கேளு. மேட்டுல ஏறும்போது வண்டி நின்னுபோச்சுன்னா, மறுபடி எடுக்கறப்ப கிளட்சை ஒரேயடியா விட்டுட்டு அப்புறமாத்தானே ஆக்ஸிலேட்டரைத் திருகணும்?" என்றார்.

வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

"ஒரேயடியா விட்டா வண்டி குதிச்சு பின்னாடி இருக்கிறவன் மடியில போய் உக்காரும்! மூணு தடவை டெஸ்ட்டுக்குப் போன மனுஷன் கேக்குற கேள்வியா இது? பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கிளட்சைப் பாதி, பாதின்னா பாதி, வண்டி லேசா முனகும் பாரு, அந்த இடத்துல பிடிச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா..."

ஆள் பேச வேண்டுமென்றால் மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டதும் தொப்பை தன் சொந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிம்மதியாக உட்கார்ந்தது. மாப்பிள்ளை டேப்பைத் தளர்த்தி, இரண்டு விரல் இடைவெளி விட்டு, குனிந்து பார்த்தார்.

"ஆயிரத்து நூத்தி நாலு" என்று எழுதிக்கொண்டார்.

"ஆயிரத்து நூத்தி நாலா? அது என்ன ரயில் நம்பரா?" என்று கத்திய பிறகுதான் தாம் ஏமாற்றப்பட்டது வாத்தியாருக்கு உறைத்தது. மகள் சிரிப்பை அடக்க வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். அதே நேரத்தில் அவள் போன் அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க... பதற்றப்படாதீங்க சார்... நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலயா? எத்தனை பேர் இருக்கீங்க?" என்றபடியே மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

கூடத்தில் இப்போது பேசிக்கொள்ளாத இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

மின்விசிறி சுற்றியது. தாளில் இன்னும் ஆறு வரிகள் பாக்கி. அதில் முக்கியமானவை கடைசி மூன்றும். ஓட்டுகிற நிலையில் எடுக்க வேண்டிய அளவுகள். நிற்கிறபோது கச்சிதமாக இருக்கும் ஜாக்கெட், கை நீட்டி ஹேண்டிலைப் பிடித்ததும் முதுகில் இழுக்கும், மணிக்கட்டு வெளியே வந்துவிடும். அதனால் பைக்கில் உட்காருவதுபோல உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தது.

மாப்பிள்ளை ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அதன் முதுகில், தரை துடைக்கும் மாப்பின் கம்பைக் கழற்றிக் குறுக்காக வைத்துக் கட்டினார். பார்க்க ஹேண்டில்பார் மாதிரிதான் இருந்தது. பிறகு யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல், மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்:

"நாற்காலியில உக்காந்து கம்பைப் பிடிக்கணும்."

வாத்தியார் காலண்டரைப் பார்த்து, "பிடிச்சாப் போச்சு" என்றார்.

உட்கார்ந்தார். வலது கை சட்டென்று போய்க் கம்பைப் பிடித்தது. இடது கை மடியிலேயே இருந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும்" என்றார் மாப்பிள்ளை மின்விசிறியிடம்.

வாத்தியார் உடம்பை முழுசாக இடது பக்கம் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையைக் கம்பின் மேல் கொண்டுபோய் வைத்தார். பார்த்தால் பைக் ஓட்டுபவர் மாதிரி இல்லை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பவர் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை பிடரி எலும்பில் டேப்பை வைத்து, வலது தோள் வழியாக மணிக்கட்டு வரைக்கும் இழுத்தார். எண்ணூற்று எழுபது. இடது பக்கம் இழுத்தார். எண்ணூற்று இருபத்திரண்டு.

மறுபடி இழுத்தார். அதே இருபத்திரண்டு.

"எழுந்து நின்னு ரெண்டு கையையும் தொங்க விடணும்."

வாத்தியார் எழுந்து நின்றார். தொங்கவிட்ட நிலையில் இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எல்லோருக்கும் இருக்கக்கூடியது.

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வாத்தியாரின் இடது தோளைப் பார்த்தார். பிறகு அந்தக் கையின் முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். பாதிக்குக்கூடப் போகவில்லை. வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு கண்களை மூடினார்.

"எத்தனை நாளா மாமா இப்படி?"

ஆறு நாளில் அவர் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி அது. வாத்தியார் மாடியைப் பார்த்தார். மகள் இன்னும் யாரையோ அமைதிப்படுத்திக்கொண்டிருக்கும் குரல் கேட்டது.

"மூணு மாசம்" என்றார் தணிந்த குரலில்.

"மூணு மாசமா!"

"கத்தாதீங்க."

"சட்டை எப்படிப் போடுறீங்க?"

"முதல்ல இடது கையை நுழைச்சிட்டு, அப்புறம் வலது கையால மத்ததை இழுத்துக்குவேன். கழட்டறப்ப அதுக்கு நேர் எதிர். தலை வழியாப் போடறதுன்னா கொஞ்சம் கஷ்டம். இந்த டி-ஷர்ட்டுக்கே இன்னிக்குக் காலையில கால் மணி நேரம் ஆச்சு."

"வண்டி?"

"எடுக்கறதில்ல. ஸ்கூலுக்கு நடந்து போறேன்ல, உங்க அத்தை நடைப்பயிற்சின்னு நினைச்சு சந்தோஷப்படறா."

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கிளட்ச் இடது கையில். நானூறு கிலோமீட்டர்.

"இதோட எப்படி மாமா போவீங்க?"

"அதுக்குள்ள சரியாயிடும்னு பார்த்தேன்." வாத்தியார் நாற்காலியில் கட்டியிருந்த கம்பைத் தடவினார். "இருபத்தாறு பேர் வர்றாங்க மாப்பிள்ளை. அதுல ஒருத்தன் இப்ப கப்பல் கேப்டன். ஒருத்தி ஆஸ்பத்திரியே வச்சிருக்கா. ஆனா போன் பண்றப்ப இன்னமும், 'சார், நீங்க முன்னாடி போனாத்தான் நாங்க கிளம்புவோம்'னுதான் சொல்றாங்க. அவங்ககிட்ட போய், எனக்குக் கை தூக்க வரல, நான் வேன்ல வர்றேன்னு எப்படிச் சொல்றது? நீங்க அன்னிக்கு வேன்னு சொன்னப்ப எனக்குக் கோபம் வரல. பகீர்னு ஆயிடுச்சு. கண்டுபிடிச்சிட்டீங்களோன்னு."

ஆறு நாள் கோபம் எங்கே போயிற்று என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

"ஒரு உதவி பண்ணுங்க" என்றார் வாத்தியார். "ரெண்டு கைக்கும் எண்ணூத்தி எழுபதுன்னே எழுதிடுங்க. உங்க அத்தை தாளைப் படிக்காம அனுப்ப விட மாட்டா."

"முடியாது மாமா."

"நாப்பத்தெட்டு மில்லிமீட்டர்தானே!"

"எனக்குத் தப்பா எழுத வராது மாமா. ஒரு தடவை ஒரு பெரியவர் ரொம்பக் கெஞ்சினாருன்னு, முன்பல்லை அரை மில்லிமீட்டர் நீளமா வச்சேன். அழகா இருந்துது. மாட்டிக்கிட்டுப் போனவர் சாயங்காலம் வாயைத் திறந்தபடியே லேபுக்கு வந்து நின்னாரு. மூட முடியல. இது தோல். ஓட்டை விழுந்தா விழுந்ததுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எழுதறதை எழுதித்தான் ஆகணும்" என்றார்.

எழுதினார். வலது கை: 870. இடது கை: 822. முதுகு, இடது பாதிக்கும் வலது பாதிக்கும் தனித்தனியாக. ஒவ்வோர் எண்ணையும் எழுதிவிட்டு அடியில் ஒரு கோடு இழுத்தார். வாத்தியார் அதைத் தண்டனைச் சீட்டு எழுதும் போலீஸ்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக ஐந்து மணிக்கு வாத்தியாரம்மா வந்தார்.

அவருக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்தும் வேலை. இருபத்திரண்டு வருஷம். மருந்துச் சீட்டு, மின்சார பில், கடைப் பலகை, எதிர்வீட்டுக்காரர்களின் கதவில் ஒட்டிய 'நாய் ஜாக்கிறதை' என எதையும் அவரால் சும்மா படிக்க முடியாது. பையை வைத்தார், முகம் கழுவினார், மகள் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார், சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"தோல்பட்டைன்னு எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை."

"ஆமா அத்தை."

"லெதர் ஜாக்கெட்டுங்கிறதால உடம்பு முழுக்கத் தோலா? தோள். பெரிய ள." சுழித்துத் திருத்தினார். "முதுகெலும்புல லு எங்க போச்சு? ஓ, மடிப்புல இருக்கு. சரி." பேனா மெல்லக் கீழே இறங்கியது. வாத்தியாரின் பார்வை அதோடு இறங்கியது.

பேனா நின்றது.

"வலது கை எண்ணூத்தி எழுபது. இடது கை எண்ணூத்தி இருபத்திரெண்டா?"

வாத்தியார் காலண்டரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு மனுஷனுக்கு ஒரு கை ரெண்டு இஞ்ச் குட்டையா இருக்குமா? வேற எதையோ பார்த்துட்டு இங்க எழுதியிருக்கீங்க. அதான் சாப்பிடாம வேலை செய்யாதீங்கன்னு சொல்றது." சிவப்புப் பேனா 822-ஐ அடித்துவிட்டு, மேலே 870 என்று பளிச்சென்று எழுதியது.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வாத்தியார் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பத்தோரு வருஷ அனுபவம் இருந்தது. மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். தப்பாக எழுதத்தான் அவருக்கு வராது. யாரோ திருத்தியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது வேறு விஷயம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மனசு சமாதானமாகவில்லை.

ஐந்தரைக்கு மகள் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். கணவரின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறு நாளாக எலியும் பூனையுமாக இருந்தவர்கள் இப்போது ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அதுதான் அதிகச் சந்தேகமாக இருந்தது.

பத்தே நிமிஷத்தில் போன் வந்தது. தையற்காரம்மாள்.

வாத்தியார் உற்சாகமாகக் கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார். வலது கையைத்தான். வாத்தியாரம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தார்.

"சார், அளவு வந்துது. எடுத்தது யாரு?"

"எங்க மாப்பிள்ளை."

"கைக்குத் தங்க வளையல் போடணும். இருபது வருஷத்துல இப்படி ஒரு தாள் நான் பார்த்ததில்ல. ஆனா நடுவுல யாரோ சிவப்பு மையில புகுந்து கெடுத்து வச்சிருக்காங்களே, அது யாரு?"

சமையலறை வாசலில் வாத்தியாரம்மா நின்றுவிட்டார்.

"இடது கையை வெட்டிட்டு எழுபதுன்னு எழுதியிருக்கு. வெட்டின இருபத்திரெண்டுதான் சரி சார். முதுகுல இடது பாதியும் அதுக்கேத்த மாதிரிதானே குறையுது? தொங்க விட்டா சமமா இருக்கு, நீட்டினாக் குறையுது. உங்களுக்கு இடது தோள்பட்டை இறுகிப் போயிருக்கு. கையைத் தூக்க முடியுதா?"

வாத்தியார் ஸ்பீக்கரை அணைக்கத் தேடினார். அவசரத்தில் சத்தம்தான் கூடியது.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான்!" என்று கூடம் அதிரச் சொன்னது போன். "சட்டை போடறதுக்குள்ள அழுதுருவாரு. என்கிட்ட சொல்லாம நாலு மாசம் மறைச்சாரு, பாவி மனுஷன். உங்க வீட்ல தெரியுமா?"

இப்போது தெரிந்துவிட்டது.

வாத்தியாரம்மா கூடத்துக்கு வந்தார். கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

"மூணு மாசமா நடந்து போனது இதுக்குத்தானா?"

"இல்ல, அது வந்து..."

"ஷேவ் பண்றப்ப தலையைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு இருந்தீங்களே, கேட்டதுக்குக் கண்ணாடி கோணலா இருக்குன்னு சொன்னீங்க! நான் ஆணியைப் புடுங்கி கண்ணாடியை மாத்தி மாட்டினேன்! அலமாரி மேல இருந்து பெட்டியை எடுக்கச் சொன்னா, பெட்டி அங்கயே அழகா இருக்குன்னு சொன்னீங்க! அதையும் நம்பினேன். ஊர்ல எவன் தப்பு விட்டாலும் என் கண்ணுல படுது. ஒரே வீட்ல, ஒரே கட்டில்ல, மூணு மாசமாப் பக்கத்துல படுத்திருக்கிற மனுஷன் வலியோட இருக்கிறது என் கண்ணுல படலையே! அதுவும் சரியா எழுதினதை நானே வேற வெட்டியிருக்கேன்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. வாத்தியாருக்கு இதுவரை இருந்த பயமெல்லாம் போய், வெட்கமாக இருந்தது. எழுந்து பக்கத்தில் போனார். என்ன செய்வதென்று தெரியாமல் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"நீ பயப்படுவேன்னுதான்..."

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். வண்டிச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"சரி."

அவர் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

போன் தொண்டையைச் செருமியது. "அப்ப நாளைக்குத் தோலை வெட்டவா, வேணாமா?"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். கேட்கத் துணிவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்போது சோபாவிலிருந்து மாப்பிள்ளை சொன்னார்:

"வெட்டுங்க. இன்னும் ஆறு வாரம் இருக்கு. இடது கைக்கு ஏதாவது வழி இருக்கா?"

"அக்குள்ல விசிறி மாதிரி ஒரு துண்டு சேர்த்துத் தைச்சிடறேன். கை பாதிதான் எழும்பினாலும் இழுக்காது. முழுசாச் சரியாயிட்டா அந்தத் துண்டு மடிஞ்சு உள்ளேயே கிடக்கும், உறுத்தாது. எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் தைச்சேன். பயிற்சி பண்ணிப் பண்ணி இப்ப நல்லாத் தூக்கறாரு."

வாத்தியார் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "தேங்க்ஸ் மாப்பிள்ளை" என்றார், மகளைத் தூது அனுப்பாமல்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மகள் மூச்சு விட்டாள். போனை அணைக்கக் கை நீட்டினாள். கொஞ்சம் சீக்கிரமாகவே நீட்டினாள்.

"இருங்க, இருங்க" என்றார் தையற்காரம்மாள். "இப்பப் பேசினாங்களே ஒரு அம்மா, பிரஸ் அம்மாதானே? குரலைக் கேட்டதுமே நினைச்சேன். எங்கிட்ட வேற நம்பர்லேர்ந்து பேசினீங்க, அதான் ஒரே வீடுன்னு தெரியல. அம்மா, உங்க ஜாக்கெட் புதன்கிழமை ரெடி ஆயிடும்."

வாத்தியார் சிரித்தார். "அம்மா, நீங்க ஆளை மாத்திச் சொல்றீங்க. இவ சொன்னது பிளவுஸா இருக்கும். ஜாக்கெட்டுன்னாலே லேடீஸுக்கு..."

"நான் தோலைத் தவிர வேற எதையும் தைக்கறதில்ல சார். கறுப்பு. ரெண்டு பக்கமும் ஜிப். ஓட்டற நிலையிலதான் அளவு கொடுத்திருக்காங்க. உங்க பொண்ணுதான் எடுத்தாங்கன்னு நினைக்கிறேன், சிரிச்சுக்கிட்டே ஒவ்வொரு அளவாப் படிச்சாங்க."

மகள் கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒன்றும் இல்லை.

"ஓட்டற நிலையிலயா?" என்றார் வாத்தியார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. நாலாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். இவளுக்கு மட்டும், 'உனக்கு எதுக்கு, நான்தான் இருக்கேனே' என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போட்டிருந்தார். "என்ன வண்டி? ஸ்கூட்டரா?"

வாத்தியாரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"கியர் வண்டிதாங்க" என்றார்.

"லைசென்ஸ்?"

"இருக்கு."

"யாரு... யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

வாத்தியாரம்மா, டீ ஆறிவிட்டது, வேறு போடுகிறேன் என்று டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வாத்தியார் மெல்ல மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்தார். பிறகு முழுவதையும் பிரித்து உதறிவிட்டு, மறுபடி முதலிலிருந்து, இன்னும் கவனமாகச் சுருட்ட ஆரம்பித்தார்.